தட்டுப்பாடு வருவதற்கு முன்பே சொல்லுங்கள்: உணவு வழங்கல் துறையினருக்கு ஒரு திறந்த மடல்

உணவு வழங்கலையும் பேரிடர் மேலாண்மையையும் கவனிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

புயல், வெள்ளம், நிலநடுக்கம், போர், கொள்ளைநோய் என்று எது வந்தாலும் உங்கள் அலுவலகங்களிலிருந்து ஒரே மாதிரி அறிக்கைதான் வருகிறது. போதிய அளவு கையிருப்பு உள்ளது. பொதுமக்கள் பீதி அடையத் தேவையில்லை. யாரும் தேவைக்கு மேல் வாங்கிக் குவிக்க வேண்டாம். எந்த நாட்டுச் செய்தியை எடுத்துப் பார்த்தாலும் இந்த மூன்று வரிகளும் கொஞ்சம் முன்னே பின்னே மாறி அப்படியே இருக்கும். ஆனால் அறிக்கை வந்த அன்று மாலையே கடைகளில் கூட்டம் நெரிய ஆரம்பித்துவிடும்.

நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று நான் நினைக்கவில்லை. கிடங்குகளில் பெரும்பாலும் சரக்கு இருக்கத்தான் செய்கிறது. நீங்கள் சொல்கிற நாள்தான் தவறு. வீட்டில் என்ன வைத்திருக்க வேண்டும், எவ்வளவு, எத்தனை நாளைக்கு என்று சாதாரண நாளில் ஒருமுறைகூடச் சொல்லாமல் இருந்துவிட்டு, நெருக்கடி வந்த அன்றைக்கு 'வாங்காதீர்கள்' என்று மட்டும் சொன்னால் யார் கேட்பார்கள்? பிள்ளைகளுக்கு நாளைக்குச் சோறு போட வேண்டியவர்கள் அதைக் கேட்க மாட்டார்கள். கேட்காததற்காக அவர்களைக் குறை சொல்லவும் என்னால் முடியவில்லை.

நான் கேட்பது இதுதான். கடைகளில் எல்லாம் நிறைந்து கிடக்கிற நாளிலேயே, வீட்டில் ஓரளவு உணவைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள் என்று அளவோடும் முறையோடும் எங்களுக்குச் சொல்லுங்கள். சேர்த்து வைக்க வழியில்லாதவர்களுக்கு அந்த வழியை நீங்களே செய்து கொடுங்கள்.

கூட்டம் நெரிகிற நேரத்தில் ஒரு கடைக்குள் என்ன நடக்கிறது என்று பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? ஒரு பெண் ஒரு பொட்டலம் பருப்பு வாங்க வருகிறார். அவருக்கு முன்னால் நிற்பவரின் கூடையில் நாலு பொட்டலம் இருக்கிறது. அலமாரியில் இன்னும் ஐந்தாறுதான் மிச்சம். இந்தப் பெண்ணுக்குப் பேராசை கிடையாது. கிடைத்த வதந்தியை எல்லாம் நம்புகிறவரும் இல்லை. ஆனாலும் அவர் மனதுக்குள் ஒரு கணக்கு ஓடுகிறது: நான் எடுக்காவிட்டால் பின்னால் நிற்பவர் எடுத்துவிடுவார், நாளைக்கு வந்தால் இருக்காது, வீட்டில் இருப்பது இரண்டு நாளைக்குத்தான் வரும். சரியான கணக்குதான். அதனால் ஒன்றுக்கு மூன்றாக எடுத்துக்கொள்கிறார். அவர் எடுப்பதைப் பின்னால் நிற்பவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவ்வளவுதான், அலமாரி காலி. காலியான அலமாரியை ஒருவர் படம் எடுத்து அனுப்ப, அடுத்த தெருவிலும் இதே கதை தொடங்குகிறது.

ராபர்ட் மெர்ட்டன் என்ற சமூகவியல் அறிஞர் 1948-இல் இந்தப் போக்கைப் பற்றி எழுதினார். நன்றாக நடந்துகொண்டிருக்கும் வங்கி திவாலாகப் போகிறது என்று ஊரே நம்பிப் பணத்தை எடுக்கப் போனால், அந்த நம்பிக்கையாலேயே வங்கி திவாலாகிவிடும் என்றார். கடையும் அப்படித்தான். 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது, கழிப்பறைக் காகிதம் தீர்ந்துவிடும் என்று ஜப்பானில் ஒரு பேச்சு கிளம்பியது. ஆலைகள் வழக்கம்போல ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஆனாலும் கடைகளில் காகிதம் இல்லாமல் போனது. 2020 மார்ச்சில் உலகம் முழுக்க அதே காட்சியைப் பார்த்தோம். பிரிட்டனில் வீடுகள் வாங்கிய விவரத்தை ஆராய்ந்தவர்கள் கண்டது முக்கியமானது. வண்டி வண்டியாக அள்ளிப்போனவர்கள் மிகச் சிலரே. மற்றவர்களில் பெரும்பாலோர் வழக்கத்தைவிட ஒன்றிரண்டு பொருளைக் கூடுதலாக எடுத்தார்கள், ஒரு தடவை கூடுதலாகக் கடைக்குப் போனார்கள். அதற்கே அலமாரிகள் தாங்கவில்லை. ஏனென்றால் இன்றைய கடைகள் சில நாள் சரக்கை வைத்துக்கொண்டு, விற்க விற்க வரவழைக்கும் முறையில் ஓடுகின்றன. பின்புறம் பெரிய கிடங்கு வைத்த கடைகள் அருகிவிட்டன.

ஆக, தட்டுப்பாட்டை உண்டாக்குவது கெட்ட மனிதர்கள் சிலர் அல்ல. வீட்டில் இரண்டு நாள் உணவு மட்டும் வைத்திருக்கும் சாதாரணக் குடும்பங்கள் எல்லாம் ஒரே நாளில் கடைக்கு வருவதுதான் அதை உண்டாக்குகிறது. அந்தப் பெண்ணின் வீட்டில் இரண்டு வாரத்துக்கான அரிசியும் பருப்பும் ஏற்கெனவே இருந்திருந்தால் அன்றைக்கு அவர் வரிசையிலேயே நின்றிருக்க மாட்டார். அந்த ஒரு பொட்டலம், உண்மையிலேயே எதுவும் இல்லாமல் வந்த வேறொருவருக்குக் கிடைத்திருக்கும். முன்கூட்டியே சேர்த்து வைக்கும் வீடு அடுத்தவர் பங்கைப் பிடுங்குவதில்லை, விட்டுக்கொடுக்கிறது. இதைத்தான் உங்கள் அறிக்கைகள் எதுவும் சொல்வதில்லை. எங்களுக்கு மிகவும் தேவைப்படும் செய்தி இதுதான்.

இது புதிதாக நான் கண்டுபிடித்த யோசனையும் அல்ல. 1939 ஜூலையில், இரண்டாம் உலகப்போர் தொடங்க இரண்டே மாதம் இருக்கையில், பிரிட்டன் அரசு வீடுதோறும் ஒரு துண்டறிக்கை அனுப்பியது. வசதி உள்ளவர்கள் ஒரு வாரத்துக்கான உணவைக் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்வது உதவியாக இருக்கும் என்று அதில் சொன்னார்கள். கூடவே இன்னொன்றும் சொன்னார்கள்: வாங்குவதாக இருந்தால் இப்போதே வாங்குங்கள், நெருக்கடி வந்தபின் கூடுதலாக வாங்க முயல்வது மற்றவர்களுக்குச் செய்யும் அநியாயம். எனக்கு மிகவும் பிடித்த அரசு வாசகம் இது. சேமிப்பையும் பதுக்கலையும் பிரிக்கும் கோடு எங்கே இருக்கிறது என்று குழப்பமில்லாமல் காட்டுகிறது. அளவு ஒரு பக்கம் இருக்கட்டும், எந்த நாளில் வாங்குகிறோம் என்பதே பெரிய வித்தியாசம்.

அதே நாடு முதல் உலகப்போரின்போது வேறு விதமாக நடந்துகொண்டது. 1917-இல், நீர்மூழ்கிக் கப்பல்கள் சரக்குக் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்த நேரத்தில், உணவுப் பதுக்கலுக்கு எதிராக ஓர் ஆணை போட்டார்கள். வீடுகளில் சோதனை நடந்தது, வழக்குகள் வந்தன. மேரி கொரெல்லி என்ற புகழ்பெற்ற நாவலாசிரியைக்கு 1918 ஜனவரியில் அபராதம் விதிக்கப்பட்டது. பற்றாக்குறை நிலவும் காலத்தில் அப்படி ஓர் ஆணை தேவைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் முன்கூட்டி எதுவும் சொல்லாமல் பின்னால் வந்து அலமாரியைத் திறந்து பார்க்கும் அரசை மக்கள் எப்படி நம்புவார்கள்? இருபது ஆண்டு கழித்து அதே நாடு முன்கூட்டியே பேசக் கற்றுக்கொண்டது.

இன்றைக்கும் பல நாடுகள் இதைச் செய்கின்றன. சுவீடன் 2018-இலும், திருத்திய வடிவில் 2024 நவம்பரிலும், நெருக்கடியோ போரோ வந்தால் என்ன செய்வது என்ற கையேட்டை எல்லா வீடுகளுக்கும் அனுப்பியது. ஒரு வாரம் தாங்கும்படி இருங்கள் என்பது அங்கே அளவு. நார்வே முன்பு மூன்று நாள் என்று சொல்லிவந்து, 2024-இல் ஒரு வாரமாக உயர்த்தியது. பின்லாந்தில் 72 மணி நேரம். ஐரோப்பிய ஒன்றியமும் 2025 மார்ச்சில் அதே 72 மணி நேரத்தைத் தன் பரிந்துரையாக அறிவித்தது. சுவிட்சர்லாந்தில் ஏறக்குறைய ஒரு வார உணவும், ஆளுக்கு 9 லிட்டர் தண்ணீரும். நிலநடுக்கத்தோடு வாழப் பழகிய ஜப்பானில் குறைந்தது மூன்று நாள், முடிந்தால் ஒரு வாரம். எண்கள் வேறு வேறுதான். ஆனால் ஒவ்வொரு இடத்திலும் ஓர் எண் இருக்கிறது, அது மக்களுக்குத் தெரிந்திருக்கிறது. உங்களிடம் நான் கேட்பதில் முதலாவது அதுதான்: ஓர் எண் சொல்லுங்கள்.

எப்படிச் சொல்வது என்பதிலும் கவனம் வேண்டும். 2021 நவம்பர் முதல் தேதி சீனாவின் வணிக அமைச்சகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. காய்கறி, அன்றாடப் பொருள்களின் வரத்தை உறுதிசெய்வது பற்றிய நீளமான அறிவிப்பு அது. உள்ளே ஒரு வரியில், குடும்பங்கள் தேவைக்கேற்ப அத்தியாவசியப் பொருள்களைக் கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொள்ள ஊக்குவிக்க வேண்டும் என்று இருந்தது. ஏன், எவ்வளவு, எத்தனை நாளைக்கு என்ற விவரம் எதுவும் இல்லை. தைவானோடு போர் வரப்போகிறது என்று மக்கள் அர்த்தம் செய்துகொண்டு கடைகளுக்கு ஓடினார்கள். கொரோனா பொதுமுடக்கத்தை மனதில் வைத்துச் சொன்னதுதான் என்று மறுநாள் விளக்கம் தர வேண்டியதாயிற்று. அறிவுரையில் தவறே இல்லை. திடீரென்று, காரணம் சொல்லாமல், ஒரு பதற்றமான வாரத்தில் வந்ததுதான் கோளாறு.

ஜெர்மனியில் நடந்தது இன்னொரு மாதிரி. 2016 ஆகஸ்டில் அரசு ஏற்ற குடிமக்கள் பாதுகாப்புத் திட்டத்தில் பத்து நாள் உணவும், ஐந்து நாளைக்கு ஆளுக்கு 2 லிட்டர் வீதம் தண்ணீரும் வைத்திருக்கச் சொல்லியிருந்தார்கள். மக்களைப் பயமுறுத்துகிறார்கள் என்று ஒரு பக்கம் கண்டனம், இன்னொரு பக்கம் கேலி. நாலாண்டு கழித்து 2020 மார்ச்சில் அதே நாட்டில் மாவும் பாஸ்தாவும் கடைகளில் கிடைக்கவில்லை. ஒரு தடவை சொல்லிவிட்டு விட்டால் போதாது. கேலி செய்கிறார்கள் என்று பின்வாங்கவும் கூடாது. தடுப்பூசி அட்டவணையை எப்படிச் சலிக்காமல் ஆண்டுதோறும் சொல்கிறீர்களோ அப்படிச் சொல்ல வேண்டிய விஷயம் இது.

சரி, அளவுக்கு வருவோம். வீட்டில் உணவைச் சேர்த்து வைப்பது என்றாலே நிலவறை நிறைய டின்களும், பணக்காரர்களின் பயமும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. உண்மைக் கணக்கு மிகச் சிறியது. நிவாரண முகாம்களில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 2,100 கலோரி என்று ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் உள்ளிட்ட அமைப்புகள் கணக்கிடுகின்றன. அதன் அடிப்படை ஏறக்குறைய 400 கிராம் தானியம், 60 கிராம் பருப்பு, 25 கிராம் எண்ணெய். அதற்கு மேல் சத்துமாவு, சர்க்கரை, உப்பு. நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு இரண்டு வாரத்துக்கு இதைப் பெருக்கிப் பாருங்கள்: தானியம் 22 கிலோ 400 கிராம், பருப்பு 3 கிலோ 360 கிராம், எண்ணெய் 1 கிலோ 400 கிராம். அவ்வளவுதான். ஒரு கட்டிலுக்கு அடியில் அடங்கிவிடும். இந்தக் கணக்கை நீங்கள் அச்சிட்டுக் கொடுத்தால், எவ்வளவு வாங்குவது என்று தெரியாமல் கண்ணில் பட்டதை எல்லாம் அள்ளுகிற பழக்கமும் குறையும். போதும் என்ற அளவு தெரிந்தவர்தானே போதும் என்று நிறுத்த முடியும்?

தண்ணீரைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு இரண்டு மூன்று லிட்டராவது வேண்டும், வெயில் காலத்தில் இன்னும் கூட. எரிபொருளும் அப்படியே. மின்சாரமும் எரிவாயுவும் நின்றுபோன வீட்டில் 20 கிலோ அரிசி இருந்து என்ன பயன்? அதனால் உங்கள் பட்டியலில் அடுப்பு இல்லாமலே சாப்பிடக் கூடியவை இரண்டு மூன்று நாளைக்காவது இருக்க வேண்டும். கைக்குழந்தைக்கான பால்மாவு, முதியவர்கள் மெல்லக்கூடிய உணவு, சர்க்கரை நோயாளிக்கு ஏற்றது, தினசரி மருந்து, இவற்றை எல்லாம் பொதுப் பட்டியல்கள் ஓர் ஓரத்தில் சின்ன எழுத்தில் போட்டுவிட்டுப் போய்விடுகின்றன. அந்த வீட்டுக்காரர்களுக்கு அதுதான் முதல் வரி.

அப்புறம், வைத்துக் காப்பாற்றும் விதம். எனக்கு மிகவும் ஆதங்கம் இதில்தான். சேர்த்து வைத்தது கெட்டுப்போய்க் குப்பையில் கொட்டினால், அந்தக் குடும்பம் இன்னொரு தடவை சேர்க்கவே சேர்க்காது.

அரிசியில் வண்டு வருவதை எடுத்துக்கொள்ளுங்கள். டப்பா சுத்தமாகத்தான் இருந்தது, மூடியும் இறுக்கமாகத்தான் இருந்தது, ஒரு மாதம் கழித்துத் திறந்தால் கருப்பாக ஊர்கிறது. எங்கிருந்து வந்தது? வெளியிலிருந்து வரவில்லை. பெண் கூன்வண்டு தன் நீண்ட மூக்கால் தானியத்தில் சிறு துளையிட்டு, அதில் ஒரு முட்டையை வைத்து, பசை போன்ற ஒரு திரவத்தால் துளையை அடைத்துவிடும். வெறும் கண்ணுக்கு அந்தத் தானியம் முழுசாகத்தான் தெரியும். உள்ளேயே புழு வளர்ந்து, உள்ளேயே தின்று, வளர்ந்த வண்டாக ஓட்டை போட்டு வெளியே வரும். வெப்பமான இடத்தில் இதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் போதும். கடைக்காரரையோ டப்பாவையோ திட்டிப் பயனில்லை. வாங்கி வந்த தானியத்தைச் சிறு பைகளாகக் கட்டி உறைபெட்டியில் (ஃப்ரீசரில்) ஒரு வாரம் வைத்து எடுத்தால் முட்டையும் புழுவும் செத்துவிடும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரும்வரை விட வேண்டும், இல்லாவிட்டால் நீர் கோத்து, வண்டு போய்ப் பூஞ்சை வந்துவிடும். உறைபெட்டி இல்லாத வீட்டில் காற்றுப் புகாத கலத்தை வாய்வரை நிரப்பி மூடுவது பெரிய உதவி. உள்ளே காற்று குறைந்தால் பூச்சியும் வாழ முடியாது. இந்த ஒரு பத்தியைப் படமாக வரைந்து கொடுத்தாலே எத்தனையோ மூட்டை தானியம் பிழைக்கும்.

எது எவ்வளவு நாள் தாங்கும் என்பதிலும் பலர் ஏமாந்துபோகிறார்கள். தீட்டிய அரிசி, காற்றும் ஈரமும் இல்லாமல் குளிர்ச்சியான இடத்தில் இருந்தால் ஆண்டுக் கணக்கில் இருக்கும். தீட்டாத அரிசியில் தவிட்டு எண்ணெய் இருப்பதால் சுமார் ஆறு மாதத்திலேயே சிக்கு வாடை வந்துவிடும். சத்து அதிகம் என்று அதையே மூட்டையாக வாங்கி வைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். முழுத் தானியத்தைவிட மாவு சீக்கிரம் கெடும். பருப்பும் பயறும் எளிதில் கெடுவதில்லை, ஆனால் வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் நாள்பட இருந்தால் எவ்வளவு ஊறவைத்தாலும் மலராது, எரிபொருளைத் தின்னும். எண்ணெய்க்கு வெளிச்சமும் சூடும் காற்றும் பகை, பெரிய டின்னைத் திறந்து வைப்பதைவிடச் சிறு பாட்டில்கள் மேல். உப்பும் சர்க்கரையும் ஈரம் படாமல் இருந்தால் போதும். தகர டப்பாவில் அடைத்த உணவுகளில் தக்காளி, பழம் போன்ற புளிப்பானவை ஒன்று ஒன்றரை ஆண்டும், மற்றவை இரண்டிலிருந்து ஐந்து ஆண்டும் தரம் குறையாமல் இருக்கும். மூடி உப்பியிருந்தால், திறக்கும்போது பீறிட்டால், சுவைத்துப் பார்க்கக்கூட வேண்டாம், தூக்கி எறிந்துவிட வேண்டும். பாட்டுலிசம் என்ற கொடிய நோயைத் தரும் நச்சு வாடையாலும் நிறத்தாலும் தன்னைக் காட்டிக்கொள்ளாது.

தேதி விஷயத்தில் உங்களால் மட்டுமே செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. பொட்டலத்தின் மேல் அச்சிடும் தேதிகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, அதுவரை சுவையும் தரமும் முழுதாக இருக்கும் என்பது. மற்றது, அதற்குப் பிறகு உண்பது ஆபத்து என்பது. இரண்டும் ஒரே மாதிரி எழுத்தில் இருப்பதால், நல்ல உணவைக் கொட்டுகிறோம், கொட்ட வேண்டியதைச் சில வீடுகளில் சாப்பிடுகிறார்கள். கைக்குழந்தைப் பால்மாவின் தேதியை ஒருநாளும் தாண்டக் கூடாது. ஒரு பொட்டலம் உப்புக்கு அந்தக் கண்டிப்பு தேவையில்லை. இந்த வித்தியாசத்தைப் பொட்டலத்திலேயே தெளிவாகப் போடச் சொல்லுங்கள்.

சேர்த்து வைத்ததைத் தொடாமல் பூட்டி வைப்பதைவிட, அன்றாடம் புழங்கியபடியே வைத்திருப்பதுதான் நல்ல முறை. ஜப்பானில் அரசே இதை மக்களுக்குக் கற்றுக்கொடுக்கிறது. வீட்டில் வழக்கமாகச் சாப்பிடுவதையே கொஞ்சம் கூடுதலாக வாங்கு, பழையதிலிருந்து எடுத்துச் சமை, எடுத்த அளவுக்குப் புதியதை வாங்கிப் பின்னால் வை. வீட்டில் யாருமே தொடாத உணவை அவசரத்துக்கு என்று வாங்கி வைத்தால் அவசரத்திலும் குழந்தைகள் அதைத் தொடமாட்டார்கள். இந்த முறையில் ஒரே நாளில் பெரிய செலவும் இல்லை. ஒவ்வொரு தடவை கடைக்குப் போகும்போதும் ஒரு பொருள் கூடுதல் என்று இரண்டு மூன்று மாதத்தில் சேர்த்துவிடலாம். கடைகளுக்கும் நெருக்கடி இல்லை.

ஆனால் ஜப்பானிடமிருந்தே இன்னொன்றையும் கற்க வேண்டியிருக்கிறது. 2024 ஆகஸ்டில், பெரிய நிலநடுக்கம் வரும் வாய்ப்பு கூடியிருப்பதாக அங்கே எச்சரிக்கை விடுத்தார்கள். முந்தைய ஆண்டு வெயிலில் விளைச்சலின் தரம் பாதிக்கப்பட்டு, அரிசி வரத்து ஏற்கெனவே இறுக்கமாக இருந்த நேரம். எச்சரிக்கை கேட்டதும் மக்கள் அரிசியை வாங்கினார்கள், கடைகளில் அரிசி காணாமல் போனது. அடுத்த ஆண்டு விலை ஏறக்குறைய இரு மடங்காகி, அரசு தன் கிடங்கிலிருந்து அரிசியை வெளியே விட வேண்டி வந்தது. இவ்வளவு பழகிய நாட்டிலேயே இப்படி என்றால், பழக்கமே இல்லாத இடத்தில் எச்சரிக்கை நாளன்று என்ன ஆகும் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இனி, இந்த மடலில் எனக்கு மிக முக்கியமான பகுதி. சேர்த்து வையுங்கள் என்று சொன்னால் எல்லோராலும் முடியுமா? அன்றாடக் கூலியில் அன்றாடம் வாங்கிச் சமைப்பவர், பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேரோடு இருப்பவர், வாடகை வீட்டிலிருந்து எப்போது கிளம்பச் சொல்வார்களோ என்று இருப்பவர், இவர்களிடம் போய் இரண்டு வாரக் கையிருப்பு பற்றிப் பேசினால் அது அவமதிப்பு. சத்தான உணவை வாங்கும் வசதியே இல்லாதவர்கள் உலகில் 250 கோடிக்கும் மேல் என்று ஐ.நா. அமைப்புகள் கணக்கிட்டிருக்கின்றன. தட்டுப்பாடு வரும்போது முதலில் வெறுங்கையோடு திரும்புவதும் அவர்கள்தான். வேலை முடித்து, கூலி வாங்கி, இரவு கடைக்கு வரும்போது மற்றவர்கள் எடுத்தது போக என்ன மிச்சமோ அதுதான் அவர்களுக்கு.

1943 வங்காளப் பஞ்சத்தில் சுமார் 30 லட்சம் பேர் மாண்டார்கள். உணவு அறவே இல்லாமல் போனதால் மட்டும் அது நடக்கவில்லை என்று பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் 1981-இல் விரிவாகக் காட்டினார். போர்க்கால விலையேற்றம், வியாபாரிகளின் ஊகக் கொள்முதல், பயத்தில் பதுக்கியது, இவற்றால் விலை எட்டாத உயரத்துக்குப் போனது. கூலித் தொழிலாளிகள், மீனவர்கள், கைவினைஞர்கள் சம்பாதித்த பணம் அரிசியை எட்டவில்லை. அரிசி இருக்கும் ஊரிலேயே பட்டினி கிடந்தார்கள். அதனால் வசதியுள்ள வீடுகள் சேர்த்து வைத்தால் போதும் என்று நீங்கள் இருந்துவிடக் கூடாது.

மானிய விலையில் உணவு வழங்கும் திட்டங்கள் உங்கள் கையில் இருந்தால், ஆபத்துப் பருவம் தொடங்குவதற்கு முன்பே இரண்டு மாத ஒதுக்கீட்டை ஒன்றாகக் கொடுங்கள். கொடுக்கும்போது வைத்துக்கொள்ளக் கலமும் கொடுங்கள். இது நடக்காத காரியம் அல்ல. மத்திய அமெரிக்க நாடுகளில் 1980-களிலிருந்து சுவிட்சர்லாந்து உதவியுடன் சிறு விவசாயிகளுக்குத் தகரக் குதிர்கள் செய்து பரப்பினார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் மூன்றடுக்குப் பைகள், உள்ளே இரண்டு அடுக்கு பிளாஸ்டிக், வெளியே நெய்த சாக்கு, மருந்தே இல்லாமல் பயறை வண்டிலிருந்து காப்பாற்றுகின்றன. ஒரு பை ஒரு குடும்பத்துக்குப் பல மாதத் தானியத்தைக் காக்கும். வீட்டில் இடமே இல்லாத குடியிருப்புகளுக்குப் பள்ளிக்கூடத்திலோ சமுதாயக் கூடத்திலோ பொது இருப்பு வையுங்கள். அதன் சாவியும் கணக்கும் அந்தக் குடியிருப்பைச் சேர்ந்தவர்களிடமே இருக்கட்டும். மாதம் ஒருமுறை பழையதை எடுத்துப் பள்ளிச் சாப்பாட்டுக்கே பயன்படுத்திவிட்டுப் புதியதை வைத்தால் எதுவும் வீணாகாது.

இன்னொரு வேண்டுகோள், கொஞ்சம் கசப்பானது. பீதியில் வாங்கிக் குவிக்கும் பழக்கம் மக்களுக்கு மட்டும் இல்லை. 2007 கடைசியிலிருந்து 2008 நடுவரை உலகச் சந்தையில் அரிசி விலை மும்மடங்கானது. உலகில் அரிசி விளைச்சல் குறையவில்லை. ஏற்றுமதி செய்யும் நாடுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவைச் சாத்தின, இறக்குமதி செய்யும் நாடுகள் எந்த விலைக்கும் வாங்கிக் குவித்தன. கடை வரிசையில் அந்தப் பெண் போட்ட அதே கணக்குதான், அரசுகள் போட்டன. தன் கையில் இருந்த இறக்குமதி அரிசியை வெளியே விடத் தயார் என்று ஜப்பான் சொன்ன பேச்சு பரவியதுமே விலை இறங்கத் தொடங்கியது. பெரிய அளவில் கப்பல் கிளம்பக்கூட இல்லை. சரக்கு இருக்கிறது, அது வெளியே வரும் என்று நம்பத்தக்க விதத்தில் தெரிந்ததே போதுமானதாக இருந்தது.

எனவே உங்கள் கிடங்குகளில் எது எத்தனை டன் இருக்கிறது, எத்தனை நாளைக்கு வரும் என்பதை மாதாமாதம் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். ஆண்டு முழுக்க அந்த எண்ணைப் பார்த்துப் பழகியவர்கள் நெருக்கடி நாளில் அதை நம்புவார்கள். அன்றைக்கு மட்டும் திடீரென்று 'போதிய கையிருப்பு' என்றால் அதில் எண்ணும் இல்லை, பழக்கமும் இல்லை. நெருக்கடி வந்தேவிட்டால், முதல் நாளே ஆளுக்கு இவ்வளவு என்று வரம்பு வையுங்கள். பாதிச் சரக்கு போனபின் வைத்தால் முந்தி வந்தவருக்குப் பரிசு கொடுத்த மாதிரி ஆகிவிடும். அடுத்த லாரி எந்தக் கிழமை வரும் என்று கடை வாசலிலேயே எழுதி ஒட்டச் சொல்லுங்கள். முதியவர்களுக்கும் கூலி வேலை முடித்து வருபவர்களுக்கும் தனி நேரம் ஒதுக்குங்கள், அந்த நேரத்துக்கு என்று சரக்கில் ஒரு பங்கை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பங்கு எடுத்து வைக்காமல் நேரம் மட்டும் ஒதுக்கினால் அவர்கள் காலி அலமாரியைப் பார்க்கத்தான் வருவார்கள்.

பதுக்கல் தடுப்புச் சட்டங்களிலும் ஒரு திருத்தம் வேண்டும். விலை ஏறட்டும் என்று கிடங்கை அடைத்து வைக்கும் வியாபாரியும், தன் குடும்பம் உண்பதற்கு ஒரு மூட்டை வைத்திருக்கும் வீட்டுக்காரரும் ஒன்றல்ல. வீட்டு உபயோகத்துக்கு இன்ன அளவுவரை வைத்திருப்பது குற்றம் இல்லை என்று எழுத்தில் இருந்தால், யாரும் பயந்து மறைத்து வைக்க மாட்டார்கள். அந்த அளவுக்கு மேல் போகிறவர்கள் மீது நடவடிக்கை எடுக்க உங்களுக்கும் தெளிவான பிடிமானம் கிடைக்கும்.

இந்த மடலுக்குப் பதிலாக நன்றிக் கடிதமோ உறுதிமொழியோ எனக்குத் தேவையில்லை. மூன்று விவரம் போதும். ஒரு குடும்பம் எத்தனை நாளைக்கு உணவும் தண்ணீரும் வைத்திருக்க வேண்டும் என்பதற்கு உங்கள் துறை ஏற்கும் எண் என்ன? அதை வாங்க முடியாத குடும்பங்களுக்கு எந்த மாதத்தில், எந்த வழியில் கொடுப்பீர்கள்? இவை இரண்டும் அச்சாகி எங்கள் வீட்டு வாசலுக்கு எந்தத் தேதியில் வரும்? எல்லா வீட்டிலும் பேசும் மொழிகளில் அச்சிடுங்கள், படிக்கத் தெரியாதவர்களுக்குப் படமாகப் போடுங்கள். கடைகளில் சரக்கு நிறைந்திருக்கும் மாதமாகப் பார்த்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
வீட்டுக்குச் சாமான் வாங்கிப் போடும் பொறுப்பில் இருக்கும் ஒரு குடிமகள்